நல்லா இருக்கேன் என்று சொன்னவர்கள்

விசிலக்கா படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு நாளில்தான், அவளுக்குப் பூரண குணமாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து வாழ்த்து அட்டை வந்தது. முன்பக்கத்தில் பூங்கொத்துப் படம். உள்ளே, "எங்கள் ஆய்வில் பங்கேற்று நலமடைந்த தங்களை வாழ்த்துகிறோம்" என்று அச்சடித்து, கீழே பேராசிரியரின் கையெழுத்து. அவளுடைய வீட்டுக்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி அவளை மேலும் கீழும் பார்த்தார். அவள் தலை சீவ ஆரம்பித்து, பாதியிலேயே கை ஓய்ந்துபோய், சீப்பை நெஞ்சின் மேல் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"எழுந்திரு, எழுந்திரு," என்றார் அவர். "குணமானவ இப்படிப் படுத்துக் கிடந்தா பேராசிரியர் மனசு புண்படும்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் விலா வலிக்கும், அப்புறம் ஒரு மணி நேரம் கண்ணை மூடிக் கிடக்க வேண்டும். தெரிந்தும் சிரித்தாள்.

விசிலக்கா பஸ் கண்டக்டர். கண்டக்டராக இருந்தவள் என்று யாராவது சொன்னால் அவளுக்கு மூக்கின் மேல் கோபம் வரும். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். என்ஜின் சத்தத்தையும் தாண்டிக் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற குரல் அவளுக்கு. படிக்கட்டில் ஆள் தொங்கிக்கொண்டிருக்கும்போதுகூட, "உள்ளே வாங்க, உள்ளே வாங்க, நிறைய இடம் இருக்கு!" என்று கூசாமல் சொல்வாள். ஜனங்களும் அதை நம்பி உள்ளே போவார்கள்.

அப்புறம் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, போகும்போது அவளுடைய தெம்பையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. குளித்துவிட்டு வந்தால் அரை மணி நேரம் படுக்க வேண்டும். மாடிப்படி ஏறினால் மறுநாள் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். டாக்டர்கள் அதற்கு வாயில் நுழையாத ஒரு பேர் வைத்திருந்தார்கள். அவள் வைத்த பேர், சார்ஜ் நிக்காத வியாதி.

அந்தச் சமயத்தில்தான் பேராசிரியர் தன் நடை வைத்தியத்தை ஆய்வு செய்ய ஆள் சேர்த்தார். தினமும் நடக்க வேண்டும், ஒவ்வொரு வாரமும் போன வாரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக. அவ்வளவுதான் வைத்தியம். பேராசிரியர் கெட்ட மனுஷர் இல்லை. மெதுவாகப் பேசுவார், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். "நடந்துட்டு வந்தா மூணு நாள் எழுந்திருக்க முடியல டாக்டர்" என்று இவள் சொன்னபோது, "உடம்பு சொல்றதைக் கேட்காதீங்கம்மா, அது பழக்கதோஷத்துல சொல்லுது" என்று அன்பாகச் சொன்னார். டியூட்டி என்றால் டியூட்டி என்று இருந்து பழகியவள் இவள். கேட்காமலே நடந்தாள். ஆய்வில் சேரும்போது அரை நாள் டிப்போவில் உட்கார்ந்து வேலை பார்க்க முடிந்தவள், ஆய்வு முடிந்தபோது குளியலறைக்கே சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். கடைசி நடைச் சோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவே முடியவில்லை.

வாழ்த்து அட்டையை வைத்துச் சிரித்துக்கொண்டே இருந்திருப்பாள், தங்கச்சி மட்டும் இல்லையென்றால். தங்கச்சி நீச்சல் கோச். தண்ணீரில் இறங்கினால் மீன், கரைக்கு வந்தால் புயல். அவளுக்கும் அதே மாதிரி ஒரு காய்ச்சல் வந்து போனது. இப்போது குளத்துக்கு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். பேராசிரியரின் வைத்தியத்தை எல்லா ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோக ஒரு குழு ஒப்புதல் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்த மறுநாளே பயிற்சி ஆரம்பம். அதில் சேர முதல் ஆளாகத் தங்கச்சி பேர் கொடுத்துக் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

"வேண்டாம்டி, என்னைப் பாரு" என்றாள் விசிலக்கா.

"உன்னைத்தான் பாக்கறேன்," என்றாள் தங்கச்சி. "குணமானவங்க கணக்குல உன் பேரு இருக்கு. அப்புறமும் நீ படுத்தே இருக்கேன்னா..." முடிக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் பாதியில விடற ஆள் இல்லக்கா."

"சரி, நீ எப்படி இருக்கே? அதைச் சொல்லு."

"நான் நல்லாத்தான் இருக்கேன்."

சொல்லிவிட்டு வாசல்வரை போனவள், கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். செருப்பைத் தேடுகிற மாதிரி பாவனை செய்தாள். செருப்பு காலிலேயே இருந்தது. விசிலக்கா அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். அந்தப் பிடியை இவளும் இப்படித்தான் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

அந்த வாரமே வீட்டுக்காரர் பேப்பரில் ஒரு கட்டுரையைப் பார்த்துப் படித்துக் காட்டினார். எழுதியவர் ஒரு புள்ளியியல் விஞ்ஞானி. ஆய்வு ஆரம்பிக்கும்போது, நோயாளிகளை நடக்கவிட்டுத் தூரத்தை அளந்து முடிவு சொல்வோம் என்றுதான் பேராசிரியர் எழுதி வைத்திருந்தாராம். பாதி வழியில் அந்த அளவையே தூக்கிக் கடாசிவிட்டு, 'நோயாளிகளையே கேட்டோம், நலம் என்றார்கள்' என்று முடித்திருக்கிறாராம். என்ன கேட்டீர்கள், எப்படிக் கேட்டீர்கள் என்று இரண்டு தடவை விசாரித்தும் பதில் இல்லை. ஆய்வில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் பேசுங்கள் என்று கீழே போன் நம்பர் இருந்தது.

விசிலக்கா படுத்தபடியே போன் போட்டாள். நான் அந்த ஆய்வில் இருந்தவள் என்று அறிமுகம் செய்துகொண்டாள்.

"அப்படியா! ரொம்ப சந்தோஷம்," என்றது எதிர்முனை. "எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேங்க. நீங்க எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்." காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்த அம்மாள் மெதுவாக, "நீங்க நல்லா இருந்தா அப்புறம் எனக்கு எதுக்குங்க போன் பண்றீங்க?" என்றாள்.

விசிலக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வாரக்கணக்கில் அவள் யார் துணையும் இல்லாமல் எழுந்து உட்கார்ந்ததில்லை. "ஐயையோ," என்றாள். "மேடம், அவங்களும் இதைத்தான் கேட்டாங்க."

"யாரு?"

"ஆஸ்பத்திரியில. கடைசி சோதனைக்கு நான் போகல. ஒரு பொண்ணு போன் பண்ணிச்சு. 'எப்படி இருக்கீங்க'ன்னு கேட்டுச்சு. நல்லா இருக்கேம்மா, நீ எப்படி இருக்கே, சாப்பிட்டியான்னு கேட்டேன். தேங்க்ஸ்னு சொல்லி வெச்சிடுச்சு."

"வேற எதுவும் கேக்கலையா?"

"சாப்பிட்டேன்னு சொல்லிச்சு."

அந்த முனையில் ஏதோ விழுந்து உடைகிற சத்தம் கேட்டது. டீ கிளாஸ் என்று பிற்பாடு தெரிந்தது. "எனக்குக் காலையிலேருந்து மண்டை பிளக்கற தலைவலி," என்றாள் விஞ்ஞானி. "இப்ப உங்ககிட்ட நல்லா இருக்கேன்னுதானே சொன்னேன்?"

அன்றிலிருந்து விசிலக்கா அவளைக் கணக்கம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள். கணக்கம்மா லேசில் சிரிக்காதவள், எதைக் கேட்டாலும் "உறுதியா சொல்ல முடியாது" என்பவள். ஆனால் வேலையில் இறங்கினால் மாடு மாதிரி உழைப்பாள். ஆய்வில் இருந்த மற்றவர்களை இருவருமாகத் தேடிப் பிடித்தார்கள். தையல் டீச்சர் ஒருத்தி, பேங்க் மாமா ஒருவர், இன்னும் சிலர். பலரும் கட்டிலில்தான். கடைசிச் சோதனைக்குப் போக முடியாத எல்லோருக்கும் போன் வந்திருந்தது. எல்லோரும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்லியிருந்தார்கள். பேங்க் மாமா மட்டும் உண்மையைச் சொல்லத்தான் நினைத்தாராம். ஆனால் முன்பின் தெரியாத பெண்ணிடம் எடுத்த எடுப்பிலேயே புலம்புவது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டாராம்.

இப்படித்தான் கட்டில் சங்கம் பிறந்தது. கூட்டம் போனில் நடக்கும். எல்லோரும் படுத்துக்கொண்டு பேசுவார்கள். ஒருவர் குரல் தேய ஆரம்பித்ததும் விசிலக்கா ஒரு விசில் அடிப்பாள். அவர் நிறுத்த வேண்டும். இரண்டு விசில் அடித்தால் அடுத்தவர் ஆரம்பிக்க வேண்டும். சில நாள் தீர்மானம் போடுவதற்குள் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். தூங்கியவர்கள் ஆதரவு என்று எடுத்துக்கொள்வோம் என்று தையல் டீச்சர் சொன்னபோது, பேராசிரியரும் அப்படித்தானே எடுத்துக்கொண்டார் என்றார் பேங்க் மாமா. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் சங்கமே இரண்டு நாள் படுத்துவிட்டது.

"சிரிச்சா போதாது," என்றாள் கணக்கம்மா. "நீங்க இப்ப மாத்திச் சொல்றீங்கன்னு சொல்லிடுவாங்க. அந்தக் கேள்வியே தப்புன்னு காட்டணும். அதுக்கு ஒரே வழிதான். நாமளும் ஒரு ஆய்வு பண்ணுவோம்."

நல்லா இல்லை என்று ஊருக்கே தெரிந்த ஆட்களிடம் போய் அதே கேள்வியைக் கேட்பது, அதுதான் திட்டம். வேறொரு ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு வார்டைப் பிடித்தார்கள். 'எப்படி இருக்கீங்க' என்று நாலு பேரைக் கேட்பதற்கு அனுமதி வாங்க கணக்கம்மா இரண்டு மாதம் நாயாக அலைந்தாள். கேள்வியால் நோயாளிக்கு ஆபத்து உண்டா என்று ஒரு அதிகாரி கேட்டாராம். உறுதியாகச் சொல்ல முடியாது என்று இவள் சொல்லித் தொலைத்துவிட்டாள். அதில் ஒரு மாதம் போயிற்று. கடைசியில் யார் பேரையும் கேட்கக் கூடாது, வெளியே சொல்லவும் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு அனுமதி வந்தது. ஒப்புக்கொண்டவர்களிடம் மட்டும் நர்ஸ் போனைக் கொடுப்பாள்.

கேட்கிற வேலை விசிலக்காவுக்கு வந்தது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பேரோடு நிறுத்திக்கொள்வாள். பேராசிரியரின் ஆட்கள் கேட்ட அதே வார்த்தைகள், ஒரு எழுத்து மாறக்கூடாது.

"வணக்கம், ஆஸ்பத்திரியிலேருந்து பேசறோம். எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேங்க... ஐயோ, அம்மா... நீங்க நல்லா இருக்கீங்களா?"

"உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன். கொஞ்சம் இருங்க, மயக்க ஊசி போட வர்றாங்க," என்றார் அடுத்தவர்.

"எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன். ஏ நர்சம்மா, இந்த வலிக்கு ஏதாவது கொடேன்!" என்றார் இன்னொருவர்.

கனத்த குரலில் ஒரு பெரியவர், "மிக்க நலம். தாங்கள்?" என்றார். மேடையில் நிற்பதுபோல் அவ்வளவு மிடுக்கு. அதன் பிறகு கணக்கம்மா எழுதிக் கொடுத்த இரண்டாவது கேள்வி வரும். இன்னைக்கு எழுந்து நடந்தீங்களா? அதைக் கேட்டதும் அணை உடைந்துவிடும். "நடக்கறதாவது! காலைத் தூக்கிக் கட்டி, கீழே எடைக்கல்லைத் தொங்க விட்டிருக்காங்கம்மா" என்று அந்தப் பெரியவரே அழாத குறையாகச் சொன்னார். அவரை ஆறுதல் படுத்திவிட்டுப் போனை வைத்தபோது விசிலக்காவுக்கே கண் கலங்கிவிட்டது.

எல்லாம் முடிந்து கணக்குப் போட்டுப் பார்த்தால், பேராசிரியரின் வைத்தியத்தில் குணமானவர்களைவிட, கால் உடைந்து கிடந்தவர்களில் குணமானவர்கள் அதிகம். அப்படியானால் நடப்பதைவிடக் காலை உடைத்துக்கொள்வதுதான் சிறந்த சிகிச்சை என்றாள் தையல் டீச்சர். கணக்கம்மா "உறுதியா சொல்ல..." என்று ஆரம்பித்தவள், முடிக்க முடியாமல் ஒரு மாதிரி கேவினாள். அழுகிறாள் என்று எல்லோரும் பதறிப்போனார்கள். பாவம், சிரித்துப் பழக்கம் இல்லாததால் அப்படிச் சத்தம் வந்தது.

குழு கூடுகிற நாள் வந்தது. அங்கேதான் ஒரு சிக்கல். எழுந்து போய் நின்றால், வந்துவிட்டீர்களே, நல்லாத்தானே இருக்கிறீர்கள் என்பார்கள். போகாவிட்டால், வந்து சொல்ல ஒரு ஆள்கூட இல்லையே என்பார்கள். கட்டில் சங்கம் தலையைப் பிய்த்துக்கொண்டது. வீட்டுக்காரருக்கு மெத்தைக் கடை. அவர்தான், "படுத்துக்கிட்டே போனா என்ன?" என்றார்.

கடை வேனில் மெத்தை மெத்தையாக அடுக்கி, அதன் மேல் சங்கத்தை அடுக்கிக் கொண்டுபோனார். கூட்ட அரங்கின் முன் வரிசை நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டு, பளபளத்த தரையில் மெத்தைகளை விரித்தார்கள். பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால் புதுச்சரக்கு பாழாகிவிடும் என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டதால், யார் புரண்டாலும் அரங்கம் முழுக்க மொரமொரவென்று கேட்டது. காவலாளி தடுக்க வந்தார். மெத்தை போடக் கூடாது என்று எங்கேயும் எழுதிப் போடவில்லை என்று கணக்கம்மா வாதாடி ஜெயித்தாள். கடைசி வரிசையில் தங்கச்சி வந்து உட்கார்ந்திருந்ததை விசிலக்கா பார்த்தாள். யாரோடும் ஒட்டாமல், முதுகை விறைப்பாக நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு நேராக உட்கார அவள் என்ன பாடுபடுகிறாள் என்று அக்காவுக்குத் தெரியும்.

குழுவில் மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. கைத்தடி ஊன்றி மெதுவாக வந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்தார். பேராசிரியர் எழுந்து படம் போட்டுக் காட்டி அழகாகப் பேசினார். "நலமா இல்லையான்னு நோயாளியைவிட யாருக்குத் தெரியும்? அவங்க வாயாலேயே கேட்டோம்" என்று முடித்தபோது சிலர் கைதட்டினார்கள். பிறகு கணக்கம்மா பேசினாள். ஆரம்பத்தில் எழுதிய அளவு எது, பாதியில் மாற்றியது எது, வார்டில் கேட்டபோது என்ன வந்தது என்று சொன்னாள். அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. கைதட்டலும் இல்லை. தங்கச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். விசிலக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். போச்சு, நாளைக்கே இந்தப் பெண்ணை நடக்கவிடப் போகிறார்கள்.

"அந்த வார்டு நோயாளிங்க மனசளவுல உண்மையாவே நல்லா இருந்திருக்கலாமே," என்றார் பேராசிரியர் பெருந்தன்மையாக. "கேட்ட விதத்துல என்ன தப்பு?"

"எப்படிக் கேட்டீங்கன்னு கேட்டுக் காட்டுங்க," என்றார் நீதிபதி.

கணக்கம்மா மைக்கை விசிலக்காவின் பக்கம் நீட்டினாள். மைக் அவளுக்கு எதற்கு? மெத்தையில் படுத்தபடியே, கண்ணை மூடிக்கொண்டு, மாதக்கணக்கில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தைகளைச் சொன்னாள்.

"வணக்கம், ஆஸ்பத்திரியிலேருந்து பேசறோம். எப்படி இருக்கீங்க?"

"மிக்க நலம். தாங்கள்?" என்றார் நீதிபதி.

சொல்லிவிட்டு அப்படியே உறைந்துபோனார். விசிலக்கா கண்ணைத் திறந்தாள். அவளையும் மீறி, "ஐயா! கால் எப்படிங்க இருக்கு?" என்று வந்துவிட்டது. பேரை வெளியே சொல்லக் கூடாது என்ற நிபந்தனை ஞாபகம் வந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கணக்கம்மா பேயறைந்தவள் மாதிரி நின்றாள்.

நீதிபதி மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "பரவாயில்லம்மா, நானே சொல்றேன். குளியலறையில வழுக்கி விழுந்து காலை உடைச்சுக்கிட்டு அந்த வார்டுலதான் கிடந்தேன். ஏதோ ஆய்வுன்னாங்க, இதுதான்னு தெரியாது, சரின்னேன். முந்தின நாள் பொட்டுத் தூக்கம் இல்ல, வலியில உயிர் போகுது. இந்தக் குரல் கேட்டுச்சு. மிக்க நலம்னேன்." பேராசிரியர் பக்கம் திரும்பினார். "உங்க கணக்குப்படி அன்னைக்கு நான் குணமானவனா?"

பேராசிரியர் தன் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். நேர்மையான மனுஷர்தான் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். "ஆமாங்க," என்றார் மெல்லிய குரலில். "எங்க கணக்குப்படி... குணமானவர்தான்."

முதலில் சிரித்தது யார் என்று யாருக்கும் தெரியாது. பின்னால் ஆரம்பித்து, நடுவில் பரவி, மெத்தைகளுக்கு வந்து சேர்ந்தபோது பிளாஸ்டிக் உறைகளும் சேர்ந்து சிரித்தன. காவலாளி சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தார்.

"ஆய்வுல இருந்தவன் தீர்ப்புச் சொல்லக் கூடாது," என்றார் நீதிபதி, சத்தம் அடங்கியதும். "இனிமே நான் சாட்சி. மத்த ரெண்டு பேரும் முடிவு பண்ணட்டும். உண்மையைச் சொல்றேன், இந்த நாற்காலியில ஒரு நிமிஷம்கூட இனிமே என்னால உட்கார முடியாது." கைத்தடியை ஊன்றி நடந்து வந்து மெத்தைகளின் அருகே தயங்கி நின்றார். "இடம் இருக்குமா?"

விசிலக்கா மொரமொரவென்று நகர்ந்தாள். "உள்ளே வாங்க, உள்ளே வாங்க, நிறைய இடம் இருக்கு!"

மற்ற இருவரும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ஒப்புதல் கிடையாது. முதலில் சொன்னபடி நடக்கவிட்டு அளந்த தூரங்களை வெளியிட வேண்டும், வர முடியாதவர்களை வீட்டில் போய்ப் பார்த்து எழுத வேண்டும், அதுவரை புதிதாக ஒருவரையும் பயிற்சியில் சேர்க்கக் கூடாது. கணக்கம்மா அதைக் கேட்டுவிட்டு மறுபடியும் கேவினாள். இந்தத் தடவை யாரும் பதறவில்லை. நீதிபதி மல்லாந்து படுத்தபடி, இது எந்தக் கடை மெத்தை என்று வீட்டுக்காரரை விசாரித்துக்கொண்டிருந்தார்.

வேனில் எல்லோரையும் ஏற்றி முடித்தபோது விசிலக்காவுக்கு விரலை அசைக்கக்கூடத் தெம்பில்லை. இன்றைய கூத்துக்கு ஒரு வாரம் கட்டிலில் வட்டி கட்ட வேண்டும். கட்டட்டுமே. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

தங்கச்சி வேன் கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். ஒரு கை கதவுப் பிடியில்.

"உன் கையெழுத்தெல்லாம் வீணாப்போச்சுடி," என்றாள் விசிலக்கா. "நாளைக்குப் பயிற்சி கிடையாது."

"தெரியும்."

"எப்படி இருக்கே?"

தங்கச்சி வழக்கம்போலச் சட்டென்று வாயைத் திறந்தாள். அந்தப் பதில் நுனி நாக்குவரை வந்துவிட்டது. வேனுக்குள் படுத்திருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்கள். பேங்க் மாமா முழங்கையை ஊன்றி எழுந்தேவிட்டார்.

"நல்லா இல்லக்கா," என்றாள் தங்கச்சி. "கொஞ்சம்கூட நல்லா இல்ல. குளத்துலேருந்து வீட்டுக்கு வந்து சேர நடுவுல மூணு இடத்துல உட்கார்றேன். உன்னைப் போய் பாதியில விட்டவள்னு சொன்னேன் பாரு..."

"ஏறுடி முதல்ல."

அவள் ஏறினாள். அக்காவின் பக்கத்தில் படுத்தாள். படுத்ததும் அந்த விறைத்த முதுகு மெத்தையில் அமிழ்ந்தது. அவள் விம்மி விம்மி அழுதாள், அழுகைக்கு நடுவே பிளாஸ்டிக் மொரமொரப்பைக் கேட்டுச் சிரிப்பும் வந்தது. விசிலக்கா அவள் தலையைத் தன் தோளில் இழுத்து வைத்துக்கொண்டாள். முன்னால் வீட்டுக்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தபடி காத்திருந்தார்.

விசிலக்கா கழுத்துக் கயிற்றில் தொங்கிய விசிலை எடுக்கப் பார்த்தாள். கை எழும்பவில்லை. தங்கச்சி அதை எடுத்து அவள் வாயில் வைத்தாள். விசிலக்கா இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டி இரண்டு தடவை ஊதினாள். வண்டி கிளம்பியது.